ஆறு மாதம் கடந்தால் கை திரும்பாதா?

கேள்வி – 2023 மார்ச் 12

என் அண்ணனுக்கு வயது 52. லண்டனில் தனியாக இருக்கிறார். பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. இடது கையும் இடது காலும். ஆறு மாதத்துக்குள் வருவதுதான் வரும், அதன் பிறகு ஒன்றும் தேறாது என்று இங்கே மதுரையில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? ஊருக்கு வந்துவிடுங்கள் என்றால் பேச்சை மாற்றுகிறார். வீடியோவில் முகம் காட்டுவதே இல்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது? பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2023 மார்ச் 13

பட்டவன் சொல்கிறேன். எனக்கும் இடப்பக்கம்தான். 2021 நவம்பர், கனடாவில் ஸ்காபரோ. யாழ்ப்பாணத்தில் இதைப் பாரிசவாதம் என்போம். பாரிசம் என்றாலும் பக்கம்தான்.

ஆறு மாதக் கணக்கு பாதி உண்மை. முதல் மூன்று மாதத்தில் வருவது வேகமாக வரும். பிறகு நத்தை வேகம். நின்றுவிடாது. ஆறாம் மாதம் என் விரல்களில் ஒன்றுகூட அசையவில்லை. பதினான்காம் மாதம் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து மின்சாரக் கட்டணத் தாளைப் பிடித்தன. தாளைப் பிடிக்கத்தான் முடிந்தது, விட முடியவில்லை. வலது கையால் பிடுங்கினேன்.

முகம் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அது அவருடைய முகம்.

2023 மார்ச் 14

எப்படி நடந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிலக்கீழ் அறையில் தனியாக இருந்தேன். உணவகத்தில் சமையல் வேலை, காலை ஆறு மணிக்குப் போக வேண்டும். நாலரைக்கு மணி அடித்தபோது இடது கை பாரமாக இருந்தது. கீழே போட்டுப் படுத்ததால் மரத்துவிட்டது என்று நினைத்து மறுபடி தூங்கினேன். பிறகு எழுந்து தேத்தண்ணீர் வைக்கப் போனவன் கதவு நிலையில் இரண்டு தரம் இடித்துக்கொண்டேன். அப்போதும் ஐயம் வரவில்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் இடப்பக்கம் வேலை செய்யவில்லை என்பதே சிலருக்குத் தெரியாமல் போகும். நான் அந்தச் சிலரில் ஒருவன்.

மேல்வீட்டு அம்மா உடுப்புத் தோய்க்கக் கீழே வந்தவர் என் வாயைப் பார்த்துக் கத்தினார். அவர் 911க்கு அழைத்தபோது பகல் ஒரு மணி. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, பாரிசவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். எப்போது தொடங்கியது? தெரியாது. கடைசியாக நன்றாக இருந்தது எப்போது? முதல் நாள் இரவு பதினொன்றரை. அந்தக் கணக்கில் ஊசிக்கான நேரம் போயிற்று.

கன்னத்தில் கை வைத்து "வாய் கோணுகிறதே" என்று சொல்ல ஆள் இருந்தால் அதற்கு மருந்துக்குச் சமமான விலை உண்டு. ஏன் வந்தது என்று கேட்டால், மன அழுத்தம், வேலை, இரவு விழிப்பு.

2023 மார்ச் 14, இரவு

புறாவின் இரத்தம் தடவினால் சரியாகும் என்று எழுதியவருக்கு: ஸ்காபரோவில் புறாவுக்குக் குறைவில்லை. ஆனால் ஒற்றைக் கையால் புறா பிடிக்கத் தெரிந்தவனுக்கு வைத்தியம் எதற்கு?

2023 மார்ச் 29

இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. உண்மையைச் சொல்கிறேன். முகம் அவருடையது என்று பெரிய மனிதனைப் போல எழுதினேன். நான் பதினாறு மாதமாக என் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மா யாழ்ப்பாணத்து மட்டுவிலில் தங்கையுடன் இருக்கிறார், வயது 81. கைபேசியின் கமரா உடைந்துவிட்டது என்று சொல்லிவைத்திருந்தேன். பதினாறு மாதமாக ஒரு கமரா உடைந்தே கிடக்கிறது, ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது வேறொன்று. என் நாக்கு தடிப்பு. காலையில் கொஞ்சம் தெளிவு, களைத்துவிட்டால் குழறும். அங்கே இரவு ஏழு மணிக்கு அம்மா ஓய்வாக இருக்கும்போது இங்கே காலை. அப்போது எடுத்தால் சமாளிப்பேன். சில நாட்களில் பிந்திவிடும். போன வருடம் தங்கை மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, குடிக்கிறாயா? அம்மா அப்படித்தான் நினைக்கிறா."

நான் வாழ்நாளில் பியர்கூட வாயில் வைத்ததில்லை. அப்பா குடித்தே போனவர்.

"கொஞ்சம்" என்றேன்.

குடிகாரப் பிள்ளை திருந்துவான் என்று ஒரு தாய் எதிர்பார்க்கலாம், விழுந்த பிள்ளையை நினைத்தால் சாப்பாடு இறங்காது என்று அப்போது கணக்குப் போட்டேன்.

நேற்றுத் தங்கைக்குச் சொல்லிவிட்டேன். நீண்ட நேரம் பேச்சில்லை. பிறகு "எந்தக் கை?" என்றாள். இடது. "சாப்பிடுகிற கை இல்லைத்தானே?" இல்லை. "அப்பாடா" என்று சொல்லிவிட்டு அழுதாள். அம்மாவுக்குச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

2023 மே 6

ஒற்றைக் கையால் எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் அடுக்களையில் நின்றவனுக்கு இது பிடித்த கேள்வி.

எனக்கு வெட்டுகிற கை இருக்கிறது, பிடிக்கிற கை இல்லை. வெங்காயத்தை வெட்டுவது கத்தி என்று நினைத்திருந்தேன். அதை உருளாமல் வைத்திருப்பதுதான் பாதி வேலை என்று கை போன பிறகு தெரிந்தது. ஒரு பலகையில் துருப்பிடிக்காத ஆணி இரண்டைக் கீழிருந்து அடித்து, கூர் மேலே தெரிகிற மாதிரி வைத்தேன். வெங்காயத்தை அதில் குத்திவிட்டால் அசையாது. பலகைக்குக் கீழே ஈரத்துணி. உள்ளிக்கு (பூண்டு) தோல் உரிக்க முடியாது. கத்தியைப் படுக்கவைத்து நசுக்கினால் தோல் தானே கழன்றுவிடும். தேங்காய்ப்பால் தகரத்துக்கு மின்சாரத் திறப்பான். புட்டுக்கு நீத்துப்பெட்டி இங்கே கிடைக்கவில்லை, இட்லிச் சட்டியில் துணி விரித்து அவிக்கிறேன். அம்மா பார்த்தால் அதைப் புட்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

சாரம் (லுங்கி) கட்ட இரண்டு கை வேண்டும். இரண்டு பக்கமும் இழுத்து மடித்துச் செருகுவதை முப்பது வருடம் யோசிக்காமல் செய்திருக்கிறேன். இப்போது இடுப்பில் இலாஸ்டிக் வைத்துத் தைத்த சாரம். பார்க்கப் பாவாடை மாதிரி இருக்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள்?

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். இடது கை நகத்தை வலது கையால் வெட்டிவிடலாம். அந்த நல்ல கையின் நகத்தை யார் வெட்டுவது? சமையல்காரன் நகம் வளர்ப்பதா? மாதம் ஒருமுறை இயன்மருத்துவ (பிசியோதெரபி) பெண்ணிடம் கை நீட்டினேன். அவருடைய வேலை அதுவல்ல. அவரும் வெட்டிவிட்டார்.

2023 ஜூலை 26

ஸ்காபரோவின் மேல்பாலத்து ரயில் நின்றுவிட்டது. திங்கட்கிழமை மாலை எல்ஸ்மியர் நிலையத்துக்குப் பக்கத்தில் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. நவம்பரில் எப்படியும் மூடவிருந்த பாதை, 1985இல் தொடங்கியது. நான் அதில் ஏறுவதற்குக் காரணம் ஒன்றுதான்: மேடையும் பெட்டியும் ஒரே மட்டம். இனி பஸ்.

இன்று பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநர் எனக்காகப் பஸ்ஸின் முன்பக்கத்தைத் தாழ்த்தினார், அது நீளமாக மூச்சு விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. இரண்டு நிறுத்தம் சிரித்தேன். வேடிக்கையாக ஒன்றும் இல்லை. மூளையில் அடிபட்ட சிலருக்குச் சிரிப்புக்கும் அழுகைக்கும் கடிவாளம் அறுந்துவிடும். உள்ளே இருப்பது ஒன்று, முகத்தில் வருவது ஒன்று. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். எனக்கு இடம் தாராளம்.

2023 அக்டோபர் 15

இரண்டு திருத்தங்கள்.

முதலாவது: மன அழுத்தம் என்று மார்ச்சில் எழுதினேன். பொய். எனக்கு இரத்த அழுத்தம் இருந்தது. 2019இல் குளிசை (மாத்திரை) எழுதித் தந்தார்கள். மூன்று மாதம் போட்டேன், தலைவலி இல்லை, சுற்றல் இல்லை, பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன். கூடவே கருவாடு, ஊறுகாய், மிக்சர். இதைப் படிப்பவர்களில் குளிசையை இழுப்பறையில் போட்டு வைத்திருப்பவர் இருந்தால் இப்போது எழுந்து போய் எடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

இரண்டாவது: வாசிப்பதில் சிரமம் இல்லை என்று ஒருவருக்குப் பதில் சொல்லியிருந்தேன். இருந்தது. முதல் வருடம் வரியின் இடது முனை என் கண்ணுக்கு இல்லை. பார்வை சரி, மூளைதான் அந்தப் பக்கம் போக மறுத்தது. முல்லைத்தீவு எனக்குத் தீவாகத் தெரியும். கீரிமலை வெறும் மலை. பாரிசவாதம் என்ற சொல்லே வாதம் என்றுதான் தெரிந்தது, யாரோ என்னோடு சண்டைக்கு வருகிற மாதிரி. தட்டில் இடது பாதிச் சோறு மீந்திருக்கும், பசியும் மீந்திருக்கும். பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, கோட்டைக் கண்ட பிறகுதான் வாசிக்க வேண்டும் என்று பழக்கினார்கள். இப்போது பரவாயில்லை. அசதியான நாட்களில் மட்டும் தீவு திரும்ப வரும்.

லண்டன் அண்ணனின் தங்கைக்கு: கண்ணாடிப் பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நெஞ்சுக்கு நேரே கண்ணாடியை நிறுத்தி, ஏலாத கையை அதற்குப் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்துக் கண்ணாடியில் பார்ப்பது. ஏலாத கை அசைகிற மாதிரித் தெரியும். நம் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கையை இழந்தவர்களின் மாயவலிக்குச் செய்த ஏற்பாடு, பிறகு எங்களைப் போன்றவர்களுக்கும் வந்தது. ஒரு டொலர் கடைக் கண்ணாடி போதும். எனக்குக் கொஞ்சம் உதவியது என்று நினைக்கிறேன். உதவியது கண்ணாடியா, தினமும் அரை மணி நேரம் அந்தக் கையைப் பொருட்படுத்தி உட்கார்ந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

2024 பெப்ரவரி 20

அம்மா போய்விட்டார். ஜனவரியில். நேற்று முன்தினம் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு, கீரிமலையில். எழுத முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைக்க வேண்டும். நான் ஒரே மகன், முதலும் கடைசியும் நான்தான். தங்கையின் மகன் வைத்தான், பதினாறு வயது. அங்கே காலை பத்து மணி, இங்கே முதல் நாள் இரவு பதினொன்றரை. செத்தவீட்டை நேரலையில் காட்ட ஆள் பிடித்திருந்தார்கள், இப்போது அது பந்தல் கதிரை மாதிரி வாடகைக்கு வருகிறது. பறை கேட்டது. சுண்ணம் இடிக்கும் சடங்கின்போது மருமகனின் கை நடுங்குவது தெரிந்தது.

தங்கை தனியாக வீடியோவில் எடுத்தாள். "கமராவைப் போடு அண்ணா. அம்மா ஒருக்கால் பார்க்கட்டும்." இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்குப் பிறகு போட்டேன். கைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

சிரித்தேன்.

முதலில் நெஞ்சில் ஏதோ இறுகியது, அழுகை வருகிறது என்றுதான் நம்பினேன். வாய் திறந்தபோது வந்தது சிரிப்பு. தலையைக் குனிந்தேன், தோள் குலுங்கியது, சத்தம் அடங்கவில்லை. அழைப்பை வெட்டியிருக்கலாம். கைபேசி இடப்பக்கம் சாத்தி வைத்திருந்தது, என் கை அதைக் கண்டுபிடிக்கவில்லை. அம்மாவைச் சுற்றி இருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவர் சொன்னது தெளிவாகக் கேட்டது: "இன்றைக்குக்கூடக் குடித்திருக்கிறான்."

2024 பெப்ரவரி 21

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லவில்லை. "போக முடியாத நிலை, என்ன செய்வது" என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். அதை ஏற்க முடியாது.

2024இல் போயிருக்க முடியாது, நேரம் போதாது. 2023இல் போயிருக்கலாம். மருத்துவர் பறக்கலாம் என்றார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள். கொழும்பில் இறங்கினால் யாழ்தேவி ரயில் இருந்தது. வேண்டாமென்றால் சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலிக்கே விமானம் விட்டிருந்தார்கள். காசும் ஓரளவு இருந்தது. டிக்கெட் விலை பார்த்தேன், மூன்று தரம். படலையைத் திறந்துகொண்டு காலை இழுத்து இழுத்து அந்த முற்றத்தில் நடந்து வருவதை அம்மா திண்ணையிலிருந்து பார்ப்பாரே, அந்தப் பதினைந்து அடி தூரம்தான் என்னால் முடியவில்லை.

ஆகவே மதுரைத் தங்கச்சி, முதல் நாள் நான் சொன்னதை விட்டுவிடுங்கள். வற்புறுத்துங்கள். எரிச்சல்படுவார், தொலைபேசியை வைப்பார். மறுபடி எடுங்கள்.

2024 பெப்ரவரி 24

மூன்று நாள் யோசித்தேன். வற்புறுத்தினால் என் தங்கையிடம் நான் பேச்சையே நிறுத்தியிருப்பேன் என்று தோன்றுகிறது. ஆகவே எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் கதையை முதலில் அவரிடம் சொல்லிப் பாருங்கள், முழங்கால் வலி, பிள்ளையின் பரீட்சை, எதுவாவது. என்னிடம் எல்லோரும் "எப்படி இருக்கிறாய்" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது சுலபம்.

2024 ஏப்ரல் 23

இன்று சித்திரா பௌர்ணமி. அப்பாவுக்கு ஆடி அமாவாசை, அம்மாவுக்கு இது. இவ்வளவு நாள் அமாவாசை மட்டும் இருந்தவன் முதல் தடவையாக இதையும் பிடிக்கிறேன். குளிசை சாப்பாட்டோடு போட வேண்டியிருப்பதால் முழு உபவாசம் இல்லை, ஒருவேளை மரக்கறிச் சோறு. காகத்துக்கு வைக்கப் பால்கனிக்குப் போனேன். வந்தது புறா. மார்ச் மாதத்து வைத்தியர் கவனிக்க.

அந்தியேட்டி அன்று தங்கை எல்லோருக்கும் சொல்லிவிட்டாளாம், அது குடி இல்லை, பாரிசவாதம் என்று. ஒரு பெரியம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். அம்மா மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தாராம். மகன் குடியை விட்டால் பங்குனித் திங்கட்கிழமையில் வந்து பொங்குவேன் என்று.

தங்கை கேட்கிறாள்: இப்போது அந்த நேர்த்தியை என்ன செய்வது? நீ விட்டதாகக் கணக்கா, குடிக்கவே இல்லை என்று கணக்கா? ஒரு சட்டத்தரணியிடம் (வக்கீல்) கேட்க வேண்டிய கேள்வி.

2024 நவம்பர் 10

மூன்று வருடம். விறைப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்யூலினம் ஊசி. முழங்கை இப்போது நீளும். விரல் பிடிக்கும், சில நேரம் விடவும் செய்யும். வேலை திரும்பவில்லை, திரும்பாது. அடுக்களையின் வேகத்துக்கு என் வலது கையே இப்போது காணாது. அதைவிடக் களைப்பு. காலை குளித்து உடுப்புப் போட்டு முடித்தால் ஒரு நாள் வேலை செய்த அலுப்பு. உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து "சும்மாதானே இருக்கிறாய்" என்பார்கள்.

2025 பெப்ரவரி 18

ஒரு வாரமாகப் பனி. நடைபாதையின் இரண்டு பக்கமும் இடுப்பளவு குவித்து, நடுவில் ஒரு ஆள் போகும் அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள். எதிரே ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் பின்வாங்க வேண்டும். எனக்குப் பின்வாங்கத் தெரியாது, காலைத் தாங்கக் கட்டும் அணை அதற்குச் செய்ததில்லை. ஐந்து நாளாக வீட்டை விட்டு இறங்கவில்லை. மேல்வீட்டு அம்மா (நான் வீடு மாறி மூன்று வருடம் ஆகிறது, இன்னும் அவரை அப்படித்தான் சொல்கிறேன்) பஸ் ஏறிச் சாம்பார் கொண்டுவந்தார். உப்புக் குறைவு. வேண்டுமென்றே.

2025 ஏப்ரல் 1

நேற்று பங்குனித் திங்கள். ஆண்டுத் திவசம் முடியட்டும் என்று காத்திருந்த தங்கை அம்மாவின் நேர்த்தியைத் தீர்த்தாள். எனக்கு ஞாயிறு இரவு. கைபேசியை இந்தத் தடவை வலப்பக்கம் சாத்தி வைத்தேன். கமரா போட்டிருந்தேன். புகையில் அவளும் சரியாகத் தெரியவில்லை, வரிசை வரிசையாக அடுப்பு, எல்லா அடுப்பிலும் பெண்கள். பக்கத்து அடுப்புக்காரி கைபேசியில் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன நேர்த்தி?" என்று கேட்டார்.

தங்கை என்னைப் பார்த்தாள்.

"குடியை விட்டதற்கு என்று சொல்" என்றேன்.

சொன்னாள். அந்தப் பெண் கோணிய வாயோடு இருக்கும் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முந்தியே விட்டிருக்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இது நிசச் சிரிப்பு என்று நினைக்கிறேன், தங்கையும் சிரித்தாள். பால் பொங்கி எந்தப் பக்கம் வழிந்தது என்று கேட்க மறந்துவிட்டேன்.

2025 ஏப்ரல் 9

நகவெட்டி பற்றிக் கேட்டவருக்கு: சாதாரண நகவெட்டியை ஒரு மரத்துண்டில் திருகி இறுக்கி, மேல்பிடியை உள்ளங்கையின் அடியால் அமுக்கலாம். ஆள் பிடித்துச் செய்வித்தேன். சுண்டுவிரலுக்கு மட்டும் கோணம் சரியாக வருவதில்லை, அதைக் கரடான அரத்தில் தேய்க்கிறேன். மதுரைத் தங்கச்சி, அண்ணன் மே மாதம் வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கும் ஒன்று செய்து வையுங்கள். கேட்க மாட்டார்.